ஆமையும் பிழைக்கணும், நாமும் பிழைக்கணும்: புதிய வனக்காப்பாளருக்கு ஒரு கையேடு

வேலை கிடைத்ததற்கு வாழ்த்துகள், தம்பி. காக்கிச் சட்டை தைத்தாயிற்று, பூட்ஸும் வாங்கியாயிற்று. முண்டந்துறையில் போஸ்டிங் என்றதும் சொந்தபந்தம் மொத்தமும் கேட்டிருக்கும் ஒரே கேள்வி, "புலியப் பாத்தியா?" என்பதுதான். களக்காடு முண்டந்துறை 1988-ல் அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். ஆகவே கேட்பவர்கள்மேல் தப்பில்லை. ஆனால் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கப் போவது புலி இல்லை. ஆமையைக் காலுறைக்குள் திணித்து, காலுறையைத் துணிப்பைக்குள் போட்டு, பாபநாசத்திலிருந்து திருநெல்வேலி போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு போகிறானே, அவன்தான்.

சந்தனக்கட்டைக்கு வாசம் உண்டு. மான்கறிக்கு ரத்தக்கறை உண்டு. கிளிக்குக் குரல் உண்டு. ஊர்வனவற்றுக்கு இதில் எதுவும் கிடையாது. மூச்சு முட்டினாலும் சத்தம் போடாமல் சாகும், பல நாள் பட்டினியும் தாங்கும். கடத்துகிறவனுக்கு இதைவிடத் தோதான சரக்கு இல்லை. பிடிக்கிறவனுக்கு இதைவிடச் சள்ளை பிடித்த சரக்கும் இல்லை.

பயிற்சியில் சட்டப்பிரிவு, மர அளவை, சர்வே எல்லாம் சொல்லித் தந்திருப்பார்கள். அங்கே விட்டுப்போன பாடங்கள் கீழே. தங்கச்சிமாருக்கும் இதே பாடம்தான். காட்டுக்குள் யாருக்கும் தனிச் சலுகை கிடையாது.

1. யாரைக் காக்கிறோம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

உங்கள் கட்சிக்காரர்கள் இரண்டு வகை. சமவெளிக்காரர்கள் முதல் வகை: முள்காட்டில் திரியும் நட்சத்திர ஆமை, மண்ணுக்குள் கிடக்கும் மண்ணுளிப் பாம்பு, பாறை இடுக்கில் உடும்பு. மலைக்காரர்கள் இரண்டாம் வகை: பொதிகையின் ஈரக் காட்டில் இருக்கும் ராஜநாகம், குழிவிரியன்கள், மண்ணைத் துளைத்து வாழும் கேடயவால் பாம்புகள், விரல் நீளம்கூட வராத பாறைப் பல்லிகள். மலைக்காரர்களில் பாதிப்பேரை உங்கள் சர்வீஸ் முடியும்வரை நீங்கள் பார்க்காமலே போகலாம். அவர்களைப் பார்ப்பதற்கென்றே விமானம் ஏறி வருகிறவர்கள் உண்டு. பார்த்துவிட்டுச் சும்மா போகாதவர்களும் உண்டு.

இந்த மலைகளில் பாம்பையும் பல்லியையும் சேகரித்தவர்களில் பெரிய கை யார் தெரியுமா? உங்கள் துறையின் பழைய பெரிய ஆபீசர்தான். ரிச்சர்ட் ஹென்றி பெடோம் 1860 முதல் 1882 வரை மதராஸ் மாகாண வனத்துறைக்குத் தலைமை தாங்கினார். நிர்வாகம் செய்த நேரம் போக, தென்மலைகளில் அலைந்து பாம்பும் பல்லியும் தவளையுமாகப் பிடித்துச் சாராயக் குப்பியில் போட்டு அறிவியல் பெயர் வைத்தார். கேடயவால் பாம்புகள் பற்றி இன்றைக்குத் தெரிந்ததில் பெரும் பங்குக்கு அவர்தான் அடித்தளம். இரண்டு காலில் எழுந்து ஓடும் இங்குள்ள ஒரு காட்டு ஓணானின் அறிவியல் பெயரில் இன்றும் பெடோம் உட்கார்ந்திருக்கிறார். இன்று அதே வேலையை அதே துறையின் அனுமதி இல்லாமல் செய்தால் நீங்கள்தான் கைது செய்ய வேண்டும். வரலாற்றைப் பார்த்துச் சிரித்துவிட்டு ரோந்துக்குக் கிளம்புங்கள்.

ஆராய்ச்சிக் கட்டுரையும் உங்களுக்கு ஆபத்துதான். சீனாவின் தென்கோடியில் ஒரு வகைச் சிறுத்தைப்பல்லியைக் கண்டுபிடித்து 1999-ல் அறிவித்தார்கள். எந்த இடத்தில் கிடைத்தது என்றும் நாணயமாக எழுதினார்கள். சில ஆண்டுகளில் அந்த இடத்தில் அந்தப் பல்லி இல்லை. வளர்ப்புப் பிராணி வியாபாரிகள் கட்டுரையையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டு துடைத்தெடுத்துவிட்டார்கள். அதிலிருந்து பல ஆய்வாளர்கள் இடத்தைச் சரியாகச் சொல்வதில்லை. ஆனால் காரையாறுக்கு வந்த டூரிஸ்ட் ஒருவர் பச்சைக் குழிவிரியனைப் படம் எடுத்து, லொகேஷனோடு போட்டு, 'இயற்கையை நேசிப்போம்' என்று கீழே எழுதிவிடுவார். அவரை என்ன செய்வது என்று வனச் சட்டத்தில் ஒரு பிரிவும் இல்லை.

2. டீக்கடைக் கதைகளை மனப்பாடம் செய்யுங்கள்

கதை தெரியாமல் இந்த வேலை ஓடாது. முதல் கதை, மண்ணுளிப் பாம்பு. இருதலை மணியன் என்றும் சொல்வார்கள். வால் மொட்டையாக இருப்பதால் தலை மாதிரித் தெரியும். அதைத் தாண்டி இரண்டாவது தலை எதுவும் கிடையாது. விஷம் கிடையாது. எலியைத் தின்றுவிட்டு மண்ணுக்குள் படுத்திருக்கும் சாது. இந்தச் சாதுவுக்கு ஊரில் பேசுகிற விலை மட்டும் கோடிக்கணக்கில்.

எதற்கு இவ்வளவு விலை? ஒருவர் புற்றுநோய் மருந்து என்பார். ஒருவர் புதையல் இருக்கும் திசைக்குத் தலையைத் திருப்பும் என்பார். ஒருவர் குரலைத் தாழ்த்தி, "வெளிநாட்டுக்காரன் வாங்கிட்டுப் போறான் அண்ணாச்சி. எதுக்குன்னு அவன் சொல்லமாட்டான்" என்பார். இரிடியம் கலசம், அரிசியை இழுக்கும் செம்பு என்று ஏமாந்த அதே ஊர், அதே ஆட்கள், அதே புரோக்கர். சரக்கு மட்டும் இப்போது உயிரோடு நெளிகிறது. பாம்பை எடைக்கு விற்கிறார்கள். கிலோ கூடக் கூட விலை ஏறும். கைமாறிக் கைமாறிப் போகும் இந்தச் சங்கிலியில் எல்லாருமே புரோக்கர்கள். கடைசியாகப் பணத்தைக் கொடுத்து வாங்குகிற அந்த மகராசன் யார் என்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

இரண்டாவது கதை, உடும்பு. கறி சாப்பிட்டால் இடுப்பு வலி போகும், எண்ணெய் தேய்த்தால் மூட்டு வலி போகும். வலி போனதோ இல்லையோ, உடும்பு போய்க்கொண்டிருக்கிறது. வட இந்தியாவில் இதற்கு இன்னொரு உபயோகமும் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதிர்ஷ்டம் தரும் அபூர்வ வேர் என்று 'ஹத்தா ஜோடி'யை ஆன்லைனில் விற்றார்கள். பூஜை அறையில் குங்குமத்தோடு வைத்துக் கும்பிட்டவர்கள் ஏராளம். 2017-ல் ஆய்வாளர்கள் சோதித்துச் சொன்னார்கள்: அது வேர் இல்லை, ஆண் உடும்பின் காயவைத்த பிறப்புறுப்பு. கும்பிட்டவர்கள் என்ன செய்தார்கள் என்று தெரிவிக்கப்படவில்லை.

மூன்றாவது, நட்சத்திர ஆமை. வீட்டில் வளர்த்தால் லட்சுமி வருவாள் என்பது கதை. இந்தக் கதைக்கு மலேசியாவிலும் தாய்லாந்திலும்கூட ரசிகர்கள் உண்டு. ஆந்திர, கர்நாடக எல்லையில் ஒரே ஒரு பகுதியிலிருந்து மட்டும் ஓராண்டில் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் பிடிக்கப்பட்டன என்று 2015-ல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்குச் சொன்னது. 2019-ல் ஜெனீவாவில் கூடிய நாடுகள் இந்த ஆமையைச் சர்வதேச வணிகத்துக்கு முழுத் தடை உள்ள முதல் பட்டியலில் சேர்த்தன. ஜெனீவாவில் கை தூக்கியவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். தடையை அமல்படுத்தும் வேலை, லத்தியும் டார்ச்சுமாக, உங்களிடம் வந்து சேர்ந்தது.

3. பணக்காரர் வேடம் போடுவது எப்படி

துப்பு வந்துவிட்டது. வாட்ஸ்ஆப்பில் ஒரு வீடியோ: நீல நிறப் பிளாஸ்டிக் பேசினுக்குள் பாம்பு, பக்கத்தில் அன்றைய தினசரி, அடுத்து எடை மெஷின். கடத்தல்காரனும் ஆவணங்களோடுதான் வேலை செய்கிறான் என்று மெச்சிக்கொள்ளுங்கள். இப்போது வாங்குகிற ஆளாக ஒருவர் போக வேண்டும். சரகத்தில் முகம் தெரியாத ஆள் யார்? நேற்று வந்து சேர்ந்த நீங்கள்தான்.

வேடத்துக்கு விதிகள் உண்டு. பூட்ஸைக் கழற்றுங்கள். தலைமுடி போலீஸ் கிராப்பாக இருந்தால் தொப்பி போடுங்கள். யாரையும் வாய் தவறி 'சார்' என்று கூப்பிடாதீர்கள். கோடி ரூபாய் வைத்திருக்கிறவன் எவனையும் சார் என்று சொல்லமாட்டான். கை விரலில் மோதிரம் வேண்டும். ரேஞ்சரிடம் கடன் கேளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், சொந்த நம்பரிலிருந்து பேசாதீர்கள். ட்ரூகாலரில் உங்கள் பெயர் 'ஃபாரஸ்ட் தம்பி' என்று பளிச்சென்று வரும்.

நாங்குநேரி டோல்கேட் தாண்டி ஒரு புளியமரத்தடி. மணி இரவு பதினொன்று. பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"சரக்கு ரெண்டு இருக்கு அண்ணாச்சி."

"ரெண்டு பாம்பா?"

"ரெண்டு கிலோவே. பாம்பு ஒண்ணுதான்."

"பாக்கணுமே."

"மொதல்ல பணத்தக் காட்டும்."

இந்த இடத்தில்தான் கையேடு உங்களைக் கைவிடுகிறது. உங்கள் பெட்டியில் மேலே இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள், கீழே முழுக்க வெள்ளைப் பேப்பர். எதிரே நாலு பேர். ஒருவன் மடியில் அரிவாள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உங்கள் ஜீப் அரை கிலோமீட்டர் தள்ளி விளக்கை அணைத்து நிற்கிறது. பணம் எண்ணத் தொடங்கும் முன்னால் ஜீப் வர வேண்டும். ரொம்ப முன்னால் வந்தால் பாம்பு வெளியே வராது. பின்னால் வந்தால் நீங்கள் வெளியே வரமாட்டீர்கள்.

வெளிநாட்டிலும் இதே வேலைதான், வசதிதான் வேறு. பினாங்கைச் சேர்ந்த ஆன்சன் வாங் என்ற ஊர்வனக் கடத்தல் மன்னனைப் பிடிக்க அமெரிக்க வனவிலங்குத் துறை ஒரு போலி வணிக நிறுவனத்தையே தொடங்கி, பல ஆண்டுகள் அவனோடு வியாபாரம் நடத்தி, 1998-ல் மெக்ஸிகோவுக்கு வரவைத்துப் பிடித்தது. சிறை சென்று திரும்பியவன் 2010 ஆகஸ்டில் மறுபடி மாட்டினான். இம்முறை எந்த வேடமும் தேவைப்படவில்லை. கோலாலம்பூர் விமான நிலையத்தில் அவனுடைய பெட்டி பிய்ந்தது. உள்ளே 95 போவா மலைப்பாம்புகள். பன்னாட்டு உளவு வேலையைவிட ஒரு மட்டமான பூட்டு நன்றாக வேலை செய்தது. ஆனால் பெட்டி எப்போது பிய்யும் என்று காத்திருக்க உங்களுக்கு அனுமதி இல்லை. புளியமரத்தடிக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

4. சாக்கைத் திறக்கும் முறை

ஆட்களைப் பிடித்துவிட்டீர்கள். சாக்கு கையில். ரேஞ்சர் "என்ன இருக்கு, பாரு" என்கிறார். நில்லுங்கள்.

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது சாக்குக்கு வெளியே இருக்கும் பாம்பைப் பற்றிச் சொன்னது. உள்ளே இருப்பது என்ன என்று தெரியாத பாம்புக்குப் பழமொழி இன்னும் வரவில்லை. மண்ணுளியில் இன்னொரு வகை உண்டு. குட்டையாக, தடியாக, முதுகில் பழுப்புத் திட்டுகளோடு இருக்கும். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் கண்ணாடி விரியன் மாதிரியே இருக்கும். கண்ணாடி விரியனும் அது மாதிரியே இருக்கும் என்பதுதான் கஷ்டம். பிடித்தவனுக்கே வித்தியாசம் தெரிந்திருக்கும் என்று நம்பாதீர்கள். அவன் கோடியைப் பார்த்தான், முதுகைப் பார்த்திருக்கமாட்டான். ஆகவே கையை விடாதீர்கள். சாக்கின் வாயைக் கம்பால் தள்ளி, தரையில் சாய்த்து, பக்கவாட்டில் நின்று பாருங்கள். முறையாக விரியனைத் தூக்கக் கொக்கி வேண்டும். உங்கள் சரகத்தில் கொக்கி ஒன்று இருக்கிறது. அது இன்று வேறு பீட்டில் இருக்கும்.

ஆமைச் சாக்கு ஆபத்தில்லை என்று நினைக்க வேண்டாம். 2019 மார்ச்சில் மணிலா விமான நிலையத்தில் கேட்பாரற்றுக் கிடந்த நாலு பெட்டிகளில் 1,529 ஆமைகள் இருந்தன. பல ஆமைகளின் கால் அசையாதபடி டேப் சுற்றியிருந்தார்கள். உங்கள் கையில் வருவதும் அதே நிலையில்தான் வரும். டேப்பைப் பிடித்து இழுத்தால் தோலும் சேர்ந்து வரும். ஓரத்திலிருந்து கத்தரியால் வெட்டி, மெல்ல உரிக்க வேண்டும். ஓர் ஆமைக்குப் பத்து நிமிஷம் என்றாலும் பொறுமையாகச் செய்யுங்கள். சாக்கு முழுக்க மலமும் சிறுநீருமாக இருக்கும். ஆமை உடம்பில் சால்மொனெல்லா கிருமி சர்வ சாதாரணம். அதற்கப்புறம் டீ குடிக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். துப்பாக்கிக்குத் தப்பியவர் வயிற்றுப்போக்கில் படுத்தார் என்று பேர் வாங்க வேண்டாம்.

5. இரவு ரோந்து: என்னென்ன எடுத்துப் போக வேண்டும்

டார்ச், லத்தி, வாக்கி டாக்கி, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய செல்போன், பொட்டலத்தில் மூக்குப்பொடியும் உப்பும். கடைசி இரண்டும் அட்டைக்கு. சாரல் மாதங்களில் அட்டை உங்களை எண்ணிக்கொண்டே காத்திருக்கும். செல்போனில் சிக்னல் கிடைக்கும் பாறை எது என்று முதல் வாரத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேட்டைத் தடுப்பு முகாமுக்கும் அப்படி ஒரு பாறை உண்டு.

எதிரே வரக்கூடியவை: யானை, கரடி, சிறுத்தை. இவை எல்லாம் உங்களைப் பார்த்தால் பெரும்பாலும் ஒதுங்கிப் போகும். ஒதுங்காதவை மனிதன் வைத்தவை. பன்றிக்கு வைத்த அவுட்டுக்காய் வெடி நீங்கள் மிதிக்கிறீர்களா பன்றி கடிக்கிறதா என்று பார்க்காது. வேலியில் திருட்டு மின்சாரம் ஓடினால் அதில் பலகை மாட்டியிருக்காது. சுருக்குக் கம்பி முழங்கால் உயரத்தில் இருக்கும். உடும்புக்கு வந்தவன் கையில் நாட்டுத்துப்பாக்கி இருக்கிறதா என்று அவன் சுட்ட பிறகுதான் தெரியும். உங்களிடம் லத்தி இருக்கிறது. கையேட்டில் இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

ஆடி அமாவாசை வாரம் ரோந்து கிடையாது. சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கு வரும் கூட்டத்தில் வண்டியை ஒழுங்குபடுத்தி, பிளாஸ்டிக் பையைப் பறித்து, ஆற்றில் இறங்குகிறவர்களை மேலே ஏற்றுவதுதான் அப்போது வன உயிரினப் பாதுகாப்பு. சரகத்தின் ஆட்கள் மொத்தமும் ஓரிடத்தில் நிற்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், பாம்பு பிடிக்கிறவனுக்கும் தெரியும்.

6. கடித்துவிட்டால்

முதலில் பயப்படாதீர்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். நியாயமாகப் பயப்பட வேண்டிய விஷயம் இதுதான். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் இறந்ததாக 2020-ல் வந்த ஆய்வு கணக்கிட்டது. நம் நாட்டின் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நால்வரின் விஷத்தை வைத்துத் தயாராவது. சமவெளியில் கடிபட்டால் உங்களுக்கு மருந்து உண்டு. கட்டுப் போடாமல், கீறாமல், கடித்த காலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனால் பிழைக்க வாய்ப்பு அதிகம்.

மலையில் கதை வேறு. காய்ந்த இலை நிறத்தில், மூக்கு நுனி மேலே தூக்கிய ஒரு குழிவிரியன் பாதை ஓரச் சருகில் சுருண்டு கிடக்கும். அது கடித்தால் ரத்தம் உறையாமல் போகலாம், சிறுநீரகம் பழுதாகலாம். நால்வர் மருந்து அதற்குக் கேட்காது. ராஜநாகமும் அந்த நால்வரில் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ராஜநாகம் தனி இனம் என்று 2024-ல் அறிவித்து அதற்குக் 'காளிங்கா' என்று கன்னட வழக்குப் பெயரையே வைத்தார்கள். பெயர் வந்துவிட்டது, மருந்து வர வேண்டும்.

கடிபட்ட இடம் இஞ்சிக்குழிப் பக்கமாக இருந்தால் காரையாறு அணையில் படகு பிடித்து, இக்கரை வந்து, மலைப்பாதையில் ஜீப்பில் இறங்கி, அம்பாசமுத்திரம் தாண்டிப் பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆகவே இந்தப் பாடத்தின் சாரம்: அணைக்கு இந்தப் பக்கம் இருக்கும்போது மட்டும் கடி வாங்குங்கள்.

7. வழக்குப் போடுவதும் ஆமைக்குக் கீரை போடுவதும்

மகஜர் எழுதியாயிற்று. சாட்சி கையெழுத்து வாங்க ரோட்டில் போன இருவரை நிறுத்தினீர்கள். இருவருக்கும் அவசர வேலை. எப்படியோ வாங்கிவிட்டீர்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972. உடும்பு முதல் அட்டவணையில், புலி உட்கார்ந்திருக்கும் அதே பந்தியில் இருக்கிறது. குற்றம் நிரூபணமானால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்ச அபராதம் 25,000 ரூபாய். 'நிரூபணமானால்' என்ற சொல்லைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எதிரி ஜாமீனில் வெளியே போய்விடுவான். ஆமை போக முடியாது. அது தொண்டிப் பொருள். கோர்ட் உத்தரவு வரும்வரை அது உங்கள் பொறுப்பு. ஆபீஸுக்குப் பின்னால் தகரத் தொட்டியில் நாற்பது ஆமை. காலையில் கீரைக்கட்டு, தண்ணீர். வெயில் ஏறினால் சாக்கு நனைத்துப் போட வேண்டும். ஒன்று கண்ணைத் திறக்காமல் மூக்கில் குமிழி விட்டால் மூச்சுத் தொற்று. கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். கீரைக்கு எந்தக் கணக்கில் பணம் எடுப்பது என்று கேட்டால், "நீ இப்பப் போடு, பில் வச்சிக்கோ" என்பார்கள். பில்லை வைத்துக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

உத்தரவு வந்தாலும் கண்ட இடத்தில் விட முடியாது. எந்த ஊர் ஆமை என்று தெரியாமல் விட்டால் நோயும் சேர்ந்து போகும், இங்குள்ள ஆமைகளோடு கலந்து வம்சமும் மாறும். வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவு 2016 டிசம்பர் முதல் 2017 ஜனவரி இறுதிவரை நடத்திய 'சேவ் கூர்மா' நடவடிக்கையில் நாடெங்கும் 15,739 ஆமைகள் மீட்கப்பட்டன. பிடிபட்ட ஆட்கள் 45 பேர். செய்தித்தாளில் எண்ணிக்கை வந்தது. அத்தனைக்கும் கீரை போட்டவர்கள் பெயர் வரவில்லை.

8. உறவைக் காப்பது எப்படி

நீங்கள் பிடித்தவன் உங்கள் மச்சானோடு படித்தவனாக இருப்பான். சாயங்காலம் போன் வரும்: "நம்ம பையன்தான் தம்பி, தெரியாமப் பண்ணிட்டான்." பாம்பை எடை மெஷினில் வைத்தது தெரியாமல் நடந்ததா என்று கேட்காதீர்கள். அதற்கப்புறம் கொஞ்சம் பெரிய இடத்து போன். அதற்கப்புறம் உங்கள் பைக்கில் ஒருநாள் காற்று இருக்காது. திருமண வீட்டில் பந்தியில் உங்களுக்கு எதிர் இலையில் அவன் உட்கார்ந்து, "இன்னும் இங்கதான் டூட்டியா?" என்று அக்கறையாக விசாரிப்பான். ரேஞ்சருக்கு மாறுதல் வரும், டெபுடி டைரக்டருக்கு மாறுதல் வரும். உள்ளூர்க்காரரான வேட்டைத் தடுப்புக் காவலருக்கு மட்டும் போக வேறு ஊர் கிடையாது.

உறவு என்றால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாம்பின் கால் பாம்பறியும். உங்கள் முகாமில் இருக்கும், இந்த மலையின் பழங்குடியான காணிக்காரர் சருகு கிடக்கும் விதத்தைப் பார்த்து நேற்று இரவு எத்தனை பேர் போனார்கள் என்று சொல்லுவார். அவரை 'ஏய்' என்று கூப்பிடாமல் 'அண்ணே' என்று கூப்பிடக் கற்றுக்கொள்வது துப்பாக்கிப் பயிற்சியைவிடப் பிரயோஜனம். செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள். 1976-ல் தோல் ஏற்றுமதி நின்றது. 1978-ல் அவர்களுக்கென்று கூட்டுறவுச் சங்கம் வந்தது. இன்று வடநெம்மேலியில் அவர்கள் பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அந்த விஷம்தான் விஷமுறிவு மருந்துக்குப் போகிறது. அந்த மரபில் வந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பிடிக்கத் தெரிந்தவனுக்குக் காக்கவும் தெரியும். அதற்குச் சோறு போட ஒரு வழி மட்டும் வேண்டும்.

9. சம்பளமும் புகழும்

நீங்கள் வனக்காப்பாளர், மாதம் பிறந்தால் சம்பளம் உண்டு. உங்களுக்கு முன்னால் டார்ச் பிடித்து நடக்கிற வேட்டைத் தடுப்புக் காவலர் தொகுப்பூதியக்காரர்; ஆண்டுக்கணக்கில் பணி நிரந்தரம் கேட்டு மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறவர். சாக்கில் இருப்பதைக் கோடி ரூபாய் என்று ஊர் நம்புகிறது. அந்தச் சாக்கைப் பறிக்க இருட்டில் முதலில் பாய்கிறவர் அவர்தான். கூட்டிக் கழித்துப் பார்த்தால் இந்தக் கையேட்டில் உண்மையான வேடிக்கை இது ஒன்றுதான்.

புகழுக்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறார்கள். 1730 செப்டம்பர் 11 அன்று ராஜஸ்தானின் கேஜர்லி கிராமத்தில் வன்னி மரங்களைக் கட்டிப் பிடித்து 363 பிஷ்னோய் மக்கள் உயிர்விட்டார்கள். அந்தத் தேதியை 2013-ல் தேசிய வனத் தியாகிகள் தினமாக அறிவித்தார்கள். ஆண்டுதோறும் அன்று காலை நீங்கள் வரிசையில் நிற்பீர்கள். 1991 நவம்பர் 10 அன்று வீரப்பனை ஆயுதமில்லாமல் சந்திக்கப் போய்க் கொல்லப்பட்ட வன அதிகாரி ஸ்ரீநிவாஸ் பெயர் சொல்லப்படும். மலர் வளையம் வைப்பார்கள், இரண்டு நிமிஷம் மௌனம். மௌனம் முடிந்ததும் உங்கள் போனில் புது வீடியோ வந்திருக்கும். பேசின், தினசரி, எடை மெஷின்.

பின்குறிப்பு: ஓரமாக நின்று படித்த வாசகருக்கு

தம்பி டூட்டிக்குப் போய்விட்டார். இனி உங்களிடம் பேச வேண்டியது. அந்த வீடியோ எங்கிருந்தோ வரவில்லை, உங்களுக்கும் வந்திருக்கும், "உண்மையா இருக்குமோ?" என்று ஒரு நிமிஷம் யோசித்து இன்னொருவருக்கு அனுப்பியும் இருப்பீர்கள். இனி அனுப்பாதீர்கள், பக்கத்து வன அலுவலகத்துக்குக் காட்டுங்கள். மண்ணுளிப் பாம்புக்கு எலி பிடிப்பதைத் தவிர ஒரு வித்தையும் தெரியாது என்று டீக்கடையில் சத்தமாகச் சொல்லுங்கள். லட்சுமி வருவாள் என்று வீட்டுத் தொட்டியில் ஆமை வைத்திருக்கும் சித்தப்பாவிடம், லட்சுமி வருமுன் ரேஞ்சர் வருவார் என்று எடுத்துச் சொல்லி ஆமையை ஒப்படைக்க வையுங்கள். முண்டந்துறையில் படம் எடுத்தால் லொகேஷனை அணைத்துவிட்டுப் போடுங்கள். இதில் எதற்கும் காக்கிச் சட்டை வேண்டாம், லத்தி வேண்டாம், விஷமுறிவு மருந்தும் வேண்டாம். வாங்க ஆள் இல்லாத சந்தையில் எவனும் கடை விரிக்கமாட்டான். கடை இல்லாவிட்டால் அந்தப் புளியமரத்தடிக்கு யாரும் போக வேண்டியதில்லை.